பூசாத சுவர்கள்

சண்டிகரின் கேபிடல் வளாகத்தைப் பார்க்கப் போகிறவர்கள், முடிந்தால், இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் போக வேண்டும். வெயில் காயும் நாளில் எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஈரம் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1950களில் ஊற்றிய கான்கிரீட் ஒரு வேகத்தில் உலரும். பின்னால் யாரோ ஒட்டுப்போட்ட கலவை வேறொரு வேகத்தில் உலரும். வெயில் ஏற ஏறப் பழைய சுவர் வெளுத்துவிட, ஒட்டுகள் மட்டும் கறுப்புத் திட்டுகளாக நிற்கும். சில இடங்களில் நேர்மாறாக, சுவர் நனைந்திருக்க ஒட்டு மட்டும் வெள்ளையாக. எங்கே கம்பி துருப்பிடித்தது, எந்த வடிகால் அடைத்துக்கொண்டது என்பதெல்லாம் அரை மணி நேரத்துக்கு அப்படியே படம்போட்டுக் காட்டும்.

நான் போனது ஆகஸ்ட் கடைசியில். டெல்லியிலிருந்து காலை சதாப்தியில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர். வளாகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நடந்து போய்விட முடியாது. சுற்றுலாத் துறை அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்தால், வழிகாட்டி ஒருவர் கூட்டமாக அழைத்துப் போவார். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் இங்கே தலைமைச் செயலகத்தின் வாசலில்தான் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அதற்குப் பிறகு வந்த முள்வேலிகளும் மணல் மூட்டைகளும் காவல் கூண்டுகளும் இன்றுவரை போகவில்லை. மக்கள் தம் போக்கில் நடந்து, ஒரு பக்கம் சட்டமன்றத்தையும் மறுபக்கம் உயர் நீதிமன்றத்தையும் பார்த்துக்கொண்டே கடக்கட்டும் என்று வளாகத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே விட்ட நானூறு மீட்டருக்கும் நீளமான வெளியில், அன்று காலை எங்கள் கூட்டத்தையும் சில காவலர்களையும் தவிர ஆள் இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. புது நகரத்துக்கு முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் அவரது கூட்டாளி மாத்யூ நோவிட்ஸ்கியும். நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகுதான் கொர்புசியே வருகிறார். கூடவே அவருடைய சித்தப்பா மகன் முறையான பியர் ழான்னரே, ஆங்கிலேயத் தம்பதியான மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ. கொர்புசியே ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போனார். ழான்னரே இங்கேயே தங்கி வேலையை முடித்தார். 1967இல் அவர் இறந்த பிறகு சாம்பலைக் கொண்டுவந்து நகரத்தின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள். ஏ.ஆர். பிரபாவல்கர், எம்.என். சர்மா, ஊர்மிளா யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ் என்று பெரிய இந்தியக் குழுவும் உண்டு. வழிகாட்டிகள் இந்தப் பெயர்களை அவ்வளவாகச் சொல்வதில்லை. தலையில் தட்டுச் சுமந்து சாரத்தில் ஏறிய பெண்களைப் பற்றியோ பேச்சே கிடையாது. கான்கிரீட் மேலே போனது அவர்கள் தலைமேல்தான்.

சட்டமன்றத்தின் முகப்பை ஒட்டி நின்று ஒரு சுவரை நிதானமாகப் பார்த்தேன். நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்ததும் முதல் வேலை, பலகைத் தடம் தெரியாமல் பூசுவது. தடம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இங்கே அந்தத் தடம்தான் சுவரின் முகம். ஒவ்வொரு பலகையின் அகலமும் தெரிகிறது. மர ரேகை தெரிகிறது. முடிச்சு இருந்த இடத்தில் சின்னச் சுழி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே சிமென்ட் பால் கசிந்து, கத்தி முனைபோல் மெல்லிய வரம்பு எழுந்து நிற்கிறது. ஒரு பலகை கொஞ்சம் கோணலாக அடிக்கப்பட்டிருக்கிறது. கொர்புசியே அதைத் திருத்தச் சொல்லவில்லை. மார்செய்யில் அவர் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே இந்தக் குறைகளை மறைக்காமல் விட்டுவிடப் பழகியிருந்தார். நல்ல கான்கிரீட் ஊற்றத் தேவையான கருவிகள் இல்லாத நாட்டில் அது சித்தாந்தமா, சமாளிப்பா என்று பிரிக்க முடியாது. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சில சுவர்களில் சென்ட்ரிங்கின் உள்பக்கம் மரத்தில் செதுக்கிப் பொருத்திய சிறு உருவங்களும் பதிந்திருக்கின்றன. பூச்சு வேலை என்ற பெயரில் அரை அங்குலம் ஏற்றினால் எல்லாம் போச்சு. கட்டடம் நின்றுகொண்டிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது.

இடித்துத் தள்ளினால் செய்தி வரும், கூட்டம் கூடும், யாராவது வழக்குப் போடுவார்கள். முதல் நாள் டெல்லியில் பிரகதி மைதானம் பக்கம் போயிருந்தேன். அங்கே 1972 ஆசிய வர்த்தகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் இருந்தது. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. வெளிநாட்டில் எஃகுக் குழாயில் செய்யும் முக்கோணச் சட்டக வேலையை, இங்கே எஃகு விலை கட்டுப்படியாகாததால், இருந்த இடத்திலேயே கான்கிரீட்டாக ஊற்றினார்கள். அந்த அளவில் அப்படி ஒன்றை உலகத்தில் வேறு யாரும் அதுவரை செய்திருக்கவில்லை. அறுபது வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியம் என்று கருத முடியாது என்று டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு கைவிரித்தது. 2017 ஏப்ரல் 23 இரவு இயந்திரங்கள் வந்தன; விடிவதற்குள் கதை முடிந்தது. இப்போது அந்த வளாகத்தில் பாரத் மண்டபம் நிற்கிறது. அறுபது வயது விதி எனக்கு விளங்கவே இல்லை. கான்கிரீட்டுக்கு நாற்பது, ஐம்பது வயதில்தான் முதல் பெரிய வைத்தியம் தேவைப்படும். அந்த நேரத்தில் பாதுகாப்பு இல்லை என்றால், அறுபதைத் தொடப்போவது எத்தனை?

சண்டிகரில் அந்தப் பயம் இல்லை. 2016 ஜூலையில் யுனெஸ்கோ, கொர்புசியேயின் கட்டடங்களில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 17ஐ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கேபிடல் வளாகம் அதில் ஒன்று. இடிக்க யாரும் துணிய மாட்டார்கள். இங்கே நடப்பது வேறு. ஒரு குழாய், ஒரு கேபிள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு டைல்ஸ் தரை, ஒரு கோட்டிங் பெயின்ட். எதையும் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. எல்லாமே யாரோ ஒரு அதிகாரி நல்ல எண்ணத்தோடு, பட்ஜெட் ஆண்டு முடிவதற்குள், கையெழுத்துப் போட்ட வேலைகள்.

தலைமைச் செயலகம் 254 மீட்டர் நீளம். முகப்பு முழுவதும் ஆழமான கான்கிரீட் கட்டங்கள். சாய்ந்து வரும் வெயில் உள்ளே விழாமல் தடுக்க. ஏசி என்பது யாருக்கும் எட்டாத காலத்தில் போட்ட கணக்கு அது: நிழலும் காற்றோட்டமும் போதும். போதவில்லை என்பதுதான் உண்மை. ஜூன் மாதம் 44 டிகிரியில், கோப்புகளுக்கு நடுவே, சூடேறிய கான்கிரீட்டுக்குப் பின்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் போய்ப் பிரான்ஸ்காரரின் மேதைமையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அந்தக் கட்டங்களுக்குள் இன்று ஏசியின் வெளிப்பெட்டிகள். நிழலுக்காகக் கட்டிய இடம் சூடான காற்றைக் கக்கும் இடமாகிவிட்டது. ஏசி வேண்டாம் என்று சொல்லவில்லை. 254 மீட்டர் கட்டடத்துக்கு ஒரே திட்டமாக, பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ மறைத்துச் செய்ய வழி உண்டா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை, அறை அறையாக, அதிகாரியின் பதவிக்கேற்ப நடந்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

சட்டமன்றத்தின் கூடம் இன்னும் பழைய கம்பீரத்தோடுதான் இருக்கிறது. கூரையைப் பிளந்துகொண்டு மேலே போகும் அந்தப் பெரிய கோபுரம், அனல்மின் நிலையங்களின் குளிரூட்டும் கோபுரத்தைப் பார்த்துப் பிறந்த வடிவம். அகமதாபாத்தில் கொர்புசியே அப்படியொன்றைப் பார்த்து வரைந்துகொண்டார் என்று சொல்வார்கள். அதற்குள்தான் பஞ்சாப் சட்டமன்றம் கூடுகிறது. 1966இல் ஹரியானா பிரிந்தபோது பக்கத்தில் மேலவைக்காகக் கட்டிய, பிரமிடு கூரை போட்ட சிறிய மன்றம் அதன் சட்டமன்றமானது. ஒரு மாநிலத்துக்குக் கட்டிய வீட்டில் இரண்டு அரசுகள் குடித்தனம். செயலகத்திலும் அப்படியே. ஆட்கள் பெருகப் பெருகத் தடுப்புச் சுவர்களும் பெருகின. சட்டமன்றத்தின் முன்வாசலில் கொர்புசியே தன் கையால் எனாமல் வண்ணம் தீட்டி அனுப்பிய பெருங்கதவு: ஒரு பக்கத்துக்கு 55 தகடுகள், இரண்டு பக்கமும் சேர்த்து 110. எப்போதோ சில சமயம்தான் திறப்பார்களாம். வழிகாட்டிப் பெண் அதை ஒரு சாமி வாசலைக் காட்டும் குரலில் சொன்னார். கதவுக்குக் கிடைக்கும் இந்த மரியாதையில் கால்வாசி அதற்குப் பக்கத்துச் சுவருக்குக் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். எனாமல் கலை, கான்கிரீட் வெறும் சுவர். பொறியியல் துறைக் கோப்புகளில் இந்த வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கிறது.

கான்கிரீட்டுக்கு என்னதான் நோய்? புதிதாக ஊற்றிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது; பி.எச். அளவு 12க்கும் மேலே. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துரு அண்டாமல் பார்த்துக்கொள்ளும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடும். பி.எச். 9 பக்கம் இறங்கியதும் கம்பிக்குக் காவல் போய்விட்டது. பிறகு ஈரமும் ஆக்ஸிஜனும் போதும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பி மேல்தோலை விண்டு போட்டுவிடும். கம்பிக்கு மேலே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இன்று நம் மேஸ்திரிகள் கம்பிக்கு அடியில் சின்னக் கவர் பிளாக்கை வைக்கிறார்களே, அதற்குத்தான். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கவே இந்தக் கனத்தில் கஞ்சத்தனம் பண்ணினார்கள். மெலிந்த கான்கிரீட்தான் நவீனம் என்ற ஆசை.

இதற்கு நம் ஊர் வழக்கமான மருந்து: உதிர்ந்ததைக் கொத்தி எடு, கம்பிக்குச் சிவப்பு பிரைமர் அடி, கலவையை அப்பு, முழுச் சுவருக்கும் பட்டி பார்த்து பெயின்ட் அடி. நான்கைந்து வருஷம் தாங்கும். ஒட்டுக்குள் இருக்கும் கம்பிக்குப் புதுக் காரம் கிடைக்கிறது. ஒட்டை அடுத்த கம்பி பழைய நிலையிலேயே கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே மின்வேதியியல் வேறுபாடு உண்டாகி, ஒட்டின் விளிம்பில் துரு முன்னைவிட வேகமாக ஓடும். அதனால்தான் ஒரு ஒட்டைச் சுற்றி மூன்று வருஷத்தில் நான்கு ஒட்டுகள் முளைக்கின்றன. காற்றுப் புகாத கனமான பெயின்ட், ஏற்கெனவே உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது. இதையெல்லாம்விடப் பெரிய சேதம், அடித்த பெயின்டைப் பின்னொரு நாள் எடுக்க முடியாது என்பது. மணல் பீச்சி உரித்தால் பலகைத் தடமும் சேர்ந்து போய், ஜல்லி பல்லிளிக்கும்.

ஒழுங்கான வழி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. முதலில் சுவரைத் தட்டித் தட்டி எங்கே பொள்ளலாக ஒலிக்கிறது என்று வரைபடம் போடுவது. விரலளவு துண்டு எடுத்து எந்தச் சிமென்ட், எந்த ஆற்று மணல், என்ன அளவு ஜல்லி என்று கண்டுபிடிப்பது. அதே பொருளில் பல மாதிரிகள் செய்து, ஒரு மழையும் ஒரு கோடையும் காயவிட்டு, எது பழைய சுவரோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. அதன் பிறகே சுவரைத் தொடுவது. ஒட்டின் மேல்தோலுக்கும் அதே அகலப் பலகையை வைத்துத் தடம் எடுப்பது. தண்ணீரை ஒட்டவிடாத, ஆனால் ஆவியை வெளியே விடும், கண்ணுக்குத் தெரியாத பூச்சுகளும் இருக்கின்றன, தேவையானால் அடிக்கலாம். செலவு அதிகமாகும் என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்கும் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. 1955இல் நேரு திறந்துவைத்த கட்டடம். வளாகத்தில் முதலில் முடிந்தது இதுதான். மேலே குடைபோல் இரட்டைக் கூரை; இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் மூன்று பெருந்தூண்கள். நீதிமன்ற அறைகள் ஒன்பதும் நேரே வெளியைப் பார்த்துத் திறக்கும்படி கொர்புசியே அமைத்தார். தாழ்வாரம் வைக்கவில்லை. வாசலில் ஒரு தாழ்வாரம்கூட இல்லாத வீட்டை நம் ஊர்க் கொத்தனார் கட்டித் தரவே மாட்டார். இங்கே வக்கீல்களும் கட்சிக்காரர்களும் கறுப்புக் கோட்டோடு மழையில் நனைந்தார்கள். இரண்டு முதல் ஒன்பது வரையிலான அறைகளின் முன்னால் பிறகு ஒரு தாழ்வாரம் வந்தது. தலைமை நீதிபதி அமரும் ஒன்றாம் எண் அறைக்கு மட்டும் வரவில்லை. 2024 நவம்பரில் அதற்கும் கட்டித்தர வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. யுனெஸ்கோ தகுதிக்குப் பாதகம் வரும் என்று சண்டிகர் நிர்வாகம் தயங்கியது. தலைமைப் பொறியாளர் மீது அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2025 ஜனவரியில் தடை, மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவு சரியே என்று தீர்ப்பு.

இந்த வழக்கில் நான் பாதி வக்கீல்கள் பக்கம். நனையாமல் வாசலில் நிற்க வேண்டும் என்பது அழகியல் குற்றம் ஆகாது. கொர்புசியே இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர், மழையைப் பற்றிய அவர் கணக்குத் தப்பு. ஆனால் தாழ்வாரம் வேண்டுமா, வேண்டாமா என்று மாதக்கணக்கில் வாதாடிய அளவுக்கு, அது எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு என் காதுக்கு எட்டவில்லை. எத்தனை மெலிதாக, சுவரைத் தொடாமல் தனித்து நிற்குமா, என்றாவது கழற்றி எடுத்தால் வடு இல்லாமல் வருமா? கட்டடக் கலைஞனிடம் கேட்க வேண்டிய இந்தக் கேள்விகளை நீதிபதிகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான் கிடைக்கும்.

அதே வழக்கில் வண்டி நிறுத்தப் பிரச்சினையும் இருந்தது. நீதிமன்றத்துக்கு நாள்தோறும் வரும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம் இல்லை. பக்கத்தில்தான் நேக் சந்தின் ராக் கார்டன். சாலை ஆய்வாளராக இருந்தவர், புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைசல்களையும், உடைந்த பீங்கான், வளையல், மின்கம்பி மூடிகளையும் சைக்கிளில் கொண்டுவந்து, அரசுக்குத் தெரியாமல் காட்டுக்குள் கட்டியது; 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் நீதிமன்ற வாகன நிறுத்தத்துக்கும் சாலைக்கும் இடம் வேண்டி அதன் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். உடைசலில் எழுந்த சுவர் மறுபடி உடைசலாயிற்று. பட்டியலில் இடம்பெற்றது கொர்புசியேயின் கட்டடம். அதன் கார்களுக்கு வழிவிட்டது பட்டியலில் இல்லாதது.

நாற்காலிக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ழான்னரே அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகளைப் பழையது என்று குடோனில் குவித்து, எடைக்கு விற்கும் விலையில் ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு ஏலக் கடைகளில் அவை லட்சக்கணக்கில் போவது தெரிந்த பிறகுதான் இங்கே விழித்தார்கள். 2011இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டது. நகரத்தின் வரைபடம் பொறித்த சாக்கடை மூடிகூடப் பாரிஸ் ஏலத்துக்குப் போயிருக்கிறது. நாற்காலிக்கு விலை உண்டு என்றதும் மரியாதை வந்தது. சுவரை யாரும் பெயர்த்து விற்க முடியாது, அதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

மத்தியானம் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் காந்தி பவனுக்குப் போனேன். ழான்னரேயின் வேலை. நீர்த்தொட்டிக்கு நடுவே மூன்று இதழ் விரித்தாற்போல் ஒரு சின்னக் கட்டடம். கேபிடலின் பிரம்மாண்டத்துக்குப் பிறகு இது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. கொர்புசியேயைவிட அவருடைய தம்பிதான் இந்த ஊரைப் புரிந்துகொண்டவர் என்ற என் எண்ணம் இங்கே உறுதியாயிற்று. 2015இல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை, நவீனக் கட்டடங்களைக் காப்பதற்கென்று தரும் நிதியை இதற்கு ஒதுக்கியது. அந்த நிதி பெரும்பாலும் சிமென்ட் வாங்க அல்ல. ஆராய்ந்து, பராமரிப்புத் திட்டம் எழுதிவைக்கத்தான். பின்னர் 10ஆம் செக்டரில் கொர்புசியே கட்டிய அரசு அருங்காட்சியகத்துக்கும் கிடைத்தது. அந்த அருங்காட்சியகத்தில் காந்தாரச் சிற்பங்களைப் பார்க்காமல் வரக் கூடாது. 1948இல் லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரத்தை அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தபோது நாற்பதில் வந்தவை. தலைக்கு மேலே கூரைத் திறப்புகளிலிருந்து இறங்கும் வெளிச்சத்தில், சாம்பல் நிறக் கல் புத்தர்களும் சாம்பல் நிறக் கான்கிரீட்டும் நன்றாகப் பொருந்துகின்றன.

பராமரிப்பு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, சண்டிகர் என்ற பேச்சே எழுவதற்கு முன், 1930களின் கடைசியில் தொடங்கியது. அன்டோனின் ரேமண்டின் வடிவம். கட்டும்போது கூடவே இருந்தவர் பின்னாளில் மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா. இந்தியாவில் கான்கிரீட்டை நவீன பாணியில் வார்த்த முதல் கட்டடங்களில் ஒன்று. கடற்காற்றின் உப்பில் எண்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. அங்கே வசிப்பவர்களே பெருக்கித் துடைத்து, சன்னல் தகடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சண்டிகரோடு ஒப்பிடுவது நியாயம் அல்லதான். ஒரு ஆசிரம விடுதிக்கும் இரண்டு மாநிலங்களின் தலைமைச் செயலகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் உப்புக்காற்று விட்டுவைத்ததை ஊர்ப்பொறியாளர் விட்டுவைக்காத காட்சிகளைக் கண்ட பிறகு, அந்த விடுதி நினைவுக்கு வராமல் போகாது.

சாயங்காலம் ரயிலுக்கு நேரம் இருந்தது. செக்டர்களுக்கு ஊடே நடந்தேன். உலகப் பட்டியலில் இல்லாத, அதே காலத்துச் சாதாரண அரசுக் கட்டடங்கள் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில்: பள்ளி, மருந்தகம், குடியிருப்பு. அப்படி ஒன்றின் வெளிப்படிக்கட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. பிகார் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், விண்டுபோன தூணின் மூலையை அடைத்துக்கொண்டிருந்தார். நல்ல கை. கரணையால் இழுத்து முடித்ததும், ஈரம் காய்வதற்குள், ஒரு ஆணியை எடுத்துப் பழைய பலகைத் தடத்துக்கு நேராகக் கோடு கீறினார். யாரும் சொல்லிச் செய்த மாதிரி தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கோடுகள் மேலேயும் கீழேயும் இருந்த மர ரேகையோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே விட்டன. நிறம்தான் ஒட்டவில்லை, புதியது பச்சை கலந்த சாம்பல், பழையது மண் கலந்த சாம்பல்.

எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். நிறம் சேரும்படி கலவையை மாற்றிப் பார்க்க முடியாதா?

"முடியும் சாப். வெள்ளைச் சிமென்ட் கொஞ்சம், ஆத்து மண்ணு கொஞ்சம். நாலு தடவை போட்டுப் பார்க்கணும். அதுக்கு நாள் கூலி யார் குடுப்பாங்க?"

"அப்புறம் இந்தக் கோடு எதுக்கு?"

சிரித்தார். "கை சும்மா இருக்காது."

அவர் உட்கார்ந்திருந்த சாரத்துக்குக் கீழே இருபது லிட்டர் பெயின்ட் வாளிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. தூண், படிக்கட்டு, முகப்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கோட்டிங் என்றும், திங்கட்கிழமை பெயின்ட்காரர்கள் வருகிறார்கள் என்றும் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டேன்.

"சிமென்ட் கலர்தான் சாப்."